பாவ இடுக்கும் எங்க அக்காவும்

பாறைக்குக் கண்ணு கெடையாது, காது கெடையாது. யார் வீட்ல யாரு செத்தாங்க, யார் மேல தப்பு, ஒண்ணியும் அதுக்குத் தெரியாது. இத்த நான் எந்தக் கோயில் வாசல்ல வேணா நின்னு சொல்லுவேன். கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணுன்னா அதுவும் பண்ணுவேன். நான் பாறைக்குள்ள பூந்து பாத்தவ. அஞ்சு வருஷத்துல இருவது, இருவத்தஞ்சு குகை, பொந்து, சுரங்கம் பாத்தாச்சு. ரெண்டு முட்டியும் தழும்பு. எங்க தெருவுல "பெருச்சாளி போவுது பாரு"ன்னு என் முதுகுக்குப் பின்னால சிரிக்கறவங்க இருக்காங்க. சிரிச்சிக்கினு இருக்கட்டும். நான் ஏன் பொந்து பொந்தா பூந்தேன்னு அவங்களுக்கும் தெரியும். அதனாலதான் நேரா மூஞ்சப் பாத்து சிரிக்க மாட்டாங்க.

நானும் எங்க அக்காவும் பெரிய காஞ்சிபுரத்துல பட்டு நெய்யறவங்க. அக்கா என்னவிட ஆறு வயசு பெரியவ. ஒரே தெருவுல ரெண்டு வீடு தள்ளித்தான் ரெண்டு பேரும் வாக்கப்பட்டோம். கோர்வைப் புடவைக்கு எப்பவும் நாங்க ஜோடி. கோர்வைன்னா, புடவைக்கு ஒடம்பு ஒரு நெறம், கரை வேற நெறம். நெய்யும்போதே ரெண்டு நூலையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கினே போவணும். அதுக்கு ஒரு ஆளு பத்தாது. நடுவுல உக்காந்து தறிய மிதிக்கறது அக்கா. பக்கத்துல உக்காந்து, கரை நூல் சுத்தின நாடாக் கட்டையத் தள்ளி, நூலக் கோத்துக் குடுக்கறது நானு.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கோக்கறதுக்கு ஒரு சுத்து போதும். நான் ரெண்டு சுத்து சுத்திடுவேன். எவ்ளோ திட்டினாலும் என் கை கேக்காது. கரையும் ஒடம்பும் சேர்ற எடம் லேசா தடிப்பா வந்துடும், வெரலால தடவினா தெரியும். அக்கா தலையில அடிச்சிக்குவா.

"ஏண்டி, நீ புடவை நெய்யறியா, மாட்டுக்குக் கயிறு திரிக்கறியா?"

"கயிறுதான். அறுந்து போவாது இல்ல?" ன்னு நானும் சொல்லுவேன். எதிர்ப் பேச்சுல என்ன யாரும் ஜெயிச்சதில்ல.

கல்யாணம் ஆயி எட்டு வருஷம் கழிச்சி அக்கா முழுகாம இருந்தா. வளகாப்புக்குக் கட்டிக்க ஒரு புடவை, வெளிய விக்கறதுக்கு இல்ல, எங்களுக்குன்னு நாங்களே நெய்தோம். கத்திரிப்பூ கலர் ஒடம்பு, மாம்பழ மஞ்சள்ல கரை. அக்கா தறிய மிதிக்க மிதிக்க வயித்துல புள்ள ஒதைக்கும். "இவன் ஒருத்தன், அவனும் நெய்யறான் பாரு"ன்னு சிரிப்பா. நான் வழக்கம்போல ரெண்டு சுத்து. அன்னிக்கு மட்டும் அவ திட்டல.

ஆம்பளப் புள்ள பொறந்துது. ஒம்போது நாள் இருந்துது. இருதயத்துல கோளாறு, வயித்துல உருவாகும்போதே வந்தது, யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டரம்மா எங்களை உக்கார வெச்சி சொன்னாங்க. டாக்டர் சொன்னா எங்க தெருவுக்குப் போதுமா? அக்காவோட நாத்தனார் ஒருத்தி இருக்கா. அக்கா வீட்டுக்காரருக்கு மூத்தவ. வாய்க்குப் பூட்டே கெடையாது. "எட்டாம் மாசம் வரைக்கும் தறி மிதிச்சா. நூல மட்டுமா மிதிச்சா, புள்ளையையும் சேத்து மிதிச்சிட்டா"ன்னு துக்கத்துக்கு வந்தவங்க கிட்டயே சொன்னா. அந்த வாயில அன்னிக்கே நாலு கொள்ளிக்கட்டைய வெச்சிருக்கணும். வெக்காம உட்டது என் தப்பு.

மறு வருஷம் எங்க தெருவுல இருந்து ஜவ்வாது மலைப் பக்கம் பஸ் போட்டாங்க. வருஷா வருஷம் பௌர்ணமிக்குப் போறதுதான். அங்க ஒரு மலையில ஒரு பெரிய பாறை மேல இன்னொரு பாறை சாஞ்சி நிக்குது. நடுவுல சுரங்கம் மாதிரி வழி. மொதல்ல ஒரு தறி நீளம் தவழ்ந்து போவணும். அப்பால எழுந்து நின்னு, ரெண்டு பாறைக்கு நடுவுல பக்கவாட்டுல ஒரு பத்தடி நகரணும். அதுக்குப் பேரு பாவ இடுக்கு. வலது கால எடுத்து வெச்சி நகரணும்னு மொற. அந்தப் பக்கம் வெளிய வந்தா பாவம் கழிஞ்சிதுன்னு அர்த்தம். துணி பாறையில மாட்டிக் கிழிஞ்சா ரொம்ப விசேஷம், பாவத்தைப் பாறை கிழிச்சி எடுத்துக்கிச்சின்னு அர்த்தம். எவளாவது உள்ள மாட்டிக்கினா? அவள பாறை புடிச்சிக்கிச்சின்னு அர்த்தம். பாவின்னு அர்த்தம்.

அக்காவ வரச் சொல்லி நச்சரிச்சதே அந்த நாத்தனார்தான். "பூந்து வா, எல்லாம் சரியாயிடும்." அக்கா அந்த வளகாப்புப் புடவையக் கட்டிக்கினு வந்தா. சாமி கிட்ட போறப்ப நல்ல பட்டு கட்டணும்னு அவ நெனப்பு.

நான்தான் மொதல்ல பூந்தேன். அப்ப நான் ஒல்லி. ஒரு சிந்தட்டிக் புடவை கட்டியிருந்தேன். நடு இடுக்குல வரும்போது பின்னால டர்ருன்னு கிழிஞ்சிது. அந்தப் பக்கம் வந்து கிழிசலக் காட்டினேன். எல்லாரும் கையத் தட்டினாங்க. "பாவம் போச்சு, பாவம் போச்சு!" நானும் சிரிச்சிக்கினே கையத் தட்டினேன். இத்த எழுதறப்ப இப்பவும் என்னையே அறையணும்போல இருக்குது.

எனக்கு அடுத்து அக்கா. நடுவுல வந்தா, நின்னுட்டா. முன்னாலயும் வரல, பின்னாலயும் போவல. "ஏய், என்ன புடிச்சி இழுக்குதுடி"ன்னு கத்தினா. நான் கைய நீட்டினேன், எட்டல. அரை மணி நேரம். கடைசியில வெளக்குக்கு வெச்சிருந்த எண்ணெயெல்லாம் கொண்டாந்து, மேல இருக்கற பொளவு வழியா அவ தலையில, தோள்ல ஊத்தி, வந்த வழியே ரெண்டு பேர் கையப் புடிச்சி இழுத்தாங்க. எண்ணெய் சொட்டச் சொட்ட பூனக்குட்டி கணக்கா வந்து உக்காந்தா எங்க அக்கா. நாத்தனார் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா: "புள்ளைய முழுங்கினவளுக்குப் பாறை வழி உடுமா?"

நான் அவ முடியப் புடிச்சேன். பிரிச்சி உட்டாங்க. பஸ்ஸுல வரும்போது அக்கா என் காதுல மெதுவா சொன்னது ஒண்ணே ஒண்ணு: "அவங்கள உடுடி. பாறைக்குமா என் மேல கோவம்?"

அன்னிக்கு மனச மூடினவதான். பக்கத்துலயே அம்மன் கோயில், மணி அடிச்சா அடுப்பங்கரையில கேக்கும். பன்னெண்டு வருஷம் அந்தப் பக்கம் கால வெக்கல. தறியில உக்காருவா, நெய்வா, சோறாக்குவா. தெருவுல யார் வீட்லயாவது கொழந்தன்னா கதவை சாத்திக்குவா. கைப்புள்ளைய நீட்டினா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்குவா. எங்க அக்கா கை எப்பேர்ப்பட்ட கை! அந்தக் கைய அவ ஒளிச்சி வெக்கறதப் பாக்க எனக்கு வயிறு எரியும்.

இதையெல்லாம் நான் மொதமொதல்ல வாய் உட்டுச் சொன்னது எங்க வீதியில யார் கிட்டயும் இல்ல. ஐயம்பேட்டையில இருந்து ஷேர் ஆட்டோ ஓட்டற ஒருத்தி எனக்குக் கூட்டு. வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. நூல் மூட்டை எடுத்தாரப் போவும்போது பழக்கம். ஒரு நாள் வண்டியில வரும்போது அழுதுக்கினே சொல்லிட்டேன். அவ ஓரமா வண்டிய நிறுத்தினா.

"எங்க தாத்தா காலத்துல எங்க சனம் உங்க கோயில் தெருவுல நடக்கக் கூடாதும்மா. எங்க நெழலு பட்டாலே பாவம்னாங்க. இப்ப அதே தெருவுல நான் ஆரன் அடிச்சிக்கினு போறேன். இன்னா ஆச்சு? தெரு வெடிச்சிப் போச்சா?"

"பாறை புடிச்சிது, நான் பாத்தேன்"ன்னேன்.

"புடிச்சிதா? சரி, எப்படிப் புடிச்சிதுன்னு போய்ப் பாத்துடலாம் வா."

பாத்துடலாம்னு சொல்றது சுலபம். அந்த இடுக்க நெனச்சாலே எனக்கு மூச்சு முட்டும். அதனால சின்னதா ஆரம்பிப்போம்னு முடிவு பண்ணினோம். எங்களுக்கு அமாவாசைன்னா தறி லீவு. மாசத்துல அந்த ஒரு நாள் நாங்க ரெண்டு பேரும் கெளம்பிடுவோம். மொத குகை செய்யாறு பக்கம் ஒரு மொட்டைக் கரடுல. ரெண்டு அடி உள்ள வெச்சேன், வவ்வா மூஞ்சில அடிச்சிது. நான் போட்ட கூச்சல்ல மலையடிவாரத்துல ஆடு மேய்ச்சவரு கம்ப எடுத்துக்கினு ஓடியாந்துட்டாரு. அவ்ளோதான் மொத நாள் வீரம்.

ஆனா மறு மாசமும் போனேன். அதுக்கு மறு மாசமும். புடவைய உட்டுட்டு சுடிதார் பேண்ட், அதுக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கை சட்டை. முட்டிக்கு, தறிப் பலகையில போட்டு உக்கார்ற மெத்தைய அறுத்து வெச்சிக் கட்டிக்குவேன். "உனக்கு மூள கலங்கிப் போச்சு"ன்னு மாசம் தவறாம சொன்ன என் வீட்டுக்காரரு, ஒரு நாள் மெட்ராஸ் போயிட்டு வரும்போது நெத்தியில மாட்டற லைட்டு ரெண்டு வாங்கியாந்து பேசாம தறி மேல வெச்சிட்டுப் போனாரு. அந்த மனுஷன் அவ்ளோதான் பேசுவாரு.

குகைக்குள்ள பூந்து பூந்து வர ஒவ்வொண்ணா வெளங்கிச்சு. உள்ள மாட்டிக்கினா பயத்துல மூச்ச உள்ள இழுப்போம். நெஞ்சு விரிஞ்சிடும், இன்னும் இறுகிக்கும். மூச்ச முழுசா வெளிய உடணும், அப்பதான் ஒரு வெரக்கட எடம் கெடைக்கும், அந்த நேரத்துல நகரணும். குகைக்கு அந்தப் பக்கம் வழி இருக்குதா இல்லையான்னு தெரியணும்னா ஊதுவத்தி ஏத்திப் புடிக்கணும். பொகை ஒரு பக்கமா இழுத்துக்கினு போனா வழி இருக்குது. அங்கயே சுத்தினா மூடின பொந்து, திரும்பிடணும். ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நின்னு பேசிக்கினே இருக்கணும். என் கூட்டுக்காரிக்கு அது ரொம்ப சுலபம். ஆட்டோவுல கூட அவ வாய் மூடாது.

இன்னொண்ணும் தெரிஞ்சிது, அதுதான் முக்கியம். எந்தக் குகையும் என்ன ஒண்ணும் கேக்கல. நல்லவளா நீ, கெட்டவளான்னு ஒரு வார்த்தை? ஒடம்பு எடத்துக்குள்ள அடங்கினா போவலாம், அடங்கலன்னா போவ முடியாது. சில பொந்துல அவ போவா, நான் போவ மாட்டேன். சிலதுல நான். ஜவ்வாது மலையிலயே நாலு பொந்து பாத்தோம். அப்பவும் அந்தப் பாவ இடுக்கு இருக்கற பாதையில மட்டும் திரும்ப மாட்டேன். "அடுத்த மாசம்"னு சொல்லிடுவேன். இருவது குகைக்குள்ள பூந்தவளுக்கு அந்த ஒண்ணு பயம். நெஜத்த மறைச்சி என்ன ஆவப்போவுது.

போன வருஷம் என் பொண்ணு உண்டானா. வயித்துல ஏழு மாசம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில வேலை செய்யறவ, அவள பாதி வளத்தது அக்காதான். வளகாப்புக்கு அக்கா வரல. கதவத் தட்டினோம், தொறக்கல. உள்ள இருந்தே சொன்னா: "என் கை பட வேணாம்மா. நீ நல்லபடியா பெத்து எடு, அது போதும்." என் பொண்ணு அந்தக் கதவுலயே சாஞ்சிக்கினு, கையெல்லாம் வளையலோட, அழுதா. "பெரியம்மா வந்து தூக்கலன்னா எம்புள்ளைக்குப் பேரே வெக்க மாட்டேன்"னு கத்தினா. என் வயித்துல பொறந்தது வேற எப்படி இருக்கும்?

வர்ற அமாவாசைக்கே கெளம்பிட்டேன். மொத பஸ்ஸப் புடிச்சி செய்யாறு, ஆரணி, போளூர்னு மாறி மலை ஏறினோம். பௌர்ணமிக்குத்தான் பூசை, அமாவாசைக்கு அங்க காக்கா குருவி இருக்காது. நல்ல வெயில். பாறை அப்படியேதான் இருந்துது. பழைய எண்ணெய்க் கறை மேல தூசு படிஞ்சி கெடந்துது.

சட்டை பேண்டோட பூந்தேன். பழக்கத்துல, எழுந்து நின்னதும், எடது கால முன்னால வெச்சி நகர்ந்துட்டேன். பத்தடியும் வெண்ணெயில கத்தி போற மாதிரி போய் வெளிய நின்னேன். எனக்கு நம்ப முடியல. அன்னிக்கு அக்கா இருந்தத விட இன்னிக்கு நான் ஒரு சுத்து பெருத்தவ. எனக்கே எடம் இருக்குதுன்னா அவளுக்கு ஏன் இல்ல? அப்ப நெஜமாவே பாறைதான் புடிச்சிதா? அத்தன வருஷம் அத்தன குகையில நான் கத்துக்கினது எல்லாம் பொய்யான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு.

கூட்டுக்காரி தண்ணி பாட்டில நீட்டினா. "அன்னிக்கு உங்க அக்கா இப்படியா வந்தாங்க?"

"இல்ல, வலது கால எடுத்து வெச்சி. பட்டுப் புடவையில."

"அப்ப நீயும் அப்படியே போ. பையில புடவை வெச்சிருக்கற இல்ல?"

மாத்திக்க ஒரு நூல் புடவை எடுத்துக்கினு வந்திருந்தேன். பேண்டு மேலயே சுத்திக் கட்டிக்கினு, தவழ்ந்து, எழுந்து, வலது கால எடுத்து வெச்சேன். வலது காலுன்னா மூஞ்சி அந்தப் பக்கப் பாறையப் பாத்து நிக்குது. நடுவுல வந்தப்ப எதிர்ல பாறை தொப்பை மாதிரி துருத்திக்கினு என் வயித்துல இடிச்சிது. வயிறு பின்னால போச்சு, பின்பக்கம் பாறையில ஒட்டிச்சு. அப்ப இடுப்புக்குக் கீழ பின்னால ஏதோ ஒண்ணு என்ன வெடுக்குன்னு புடிச்சிது.

ஐயோ. அந்த நிமிஷம் இன்னிக்கும் கனவுல வருது. புடிச்சிது சாமி, நெஜமா புடிச்சிது. முன்னால நகர்ந்தா இழுக்குது. மூச்ச இழுத்துட்டேன், நெஞ்சு மாட்டிக்கிச்சு. கையத் திருப்ப எடமில்ல.

"செத்துட்டியா?" ன்னு வெளிய இருந்து கொரல்.

"இல்ல."

"அப்ப பேசுமா. பேசிக்கினே இரு."

"என்ன புடிச்சி இழுக்குதுடி..." அந்த வார்த்தை என் வாயில இருந்து வந்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. அதே வார்த்தை. அக்கா அன்னிக்குக் கத்தினது. அவ பயந்த பயம் இன்னதுன்னு பன்னெண்டு வருஷம் கழிச்சி என் ஒடம்புக்குத் தெரிஞ்சிது. நான் கையத் தட்டிக்கினு நின்ன எடத்துக்கும் இதுக்கும் எட்டடி தூரம்கூட இல்ல.

மூச்ச உட்டேன். முழுசா. தறியில நூல் எங்கயாவது மாட்டினா நாங்க முன்னால இழுக்க மாட்டோம், அறுந்துடும். பின்னால தளர்த்தி, மாட்டின எடத்தத் தடவிப் பாப்போம். அதையே பண்ணினேன். ஒரு சாண் பின்னால நகர்ந்தேன். எடது கைய மெல்ல முதுகுக்குப் பின்னால கொண்டுபோய்த் தடவினேன். இடுப்பு ஒசரத்துல பாறையில ஒரு மூக்கு. கட்டை வெரல் அளவுதான் இருக்கும், கொக்கி மாதிரி வளைஞ்சிருக்குது. அதுல என் புடவை மாட்டியிருந்துது.

புடிச்சது அதுதான். வலது கால வெச்சி வர்ற எல்லாப் பொம்பளைக்கும் அந்தக் கொக்கி சரியா பின்பக்கம்தான் வரும். எடது கால முன்னால வெச்சா அது வயித்துப் பக்கம் வரும், துணி மாட்டினாலும் கையாலயே எடுத்து உட்டுட்டுப் போயிடலாம். சிந்தட்டிக்கும் மெல்லிசு வாயில் புடவையும் கட்டினவங்களுக்கு டர்ருன்னு கிழிஞ்சி உட்டுடுச்சு, பாவம் போச்சு. கிழியாத புடவை கட்டினவ மாட்டிக்கினா, பாவி.

புடவைய எடுத்து உட்டேன். உடறப்பவே வெரல்ல தெரிஞ்சிது, அந்த மூக்கச் சுத்தி நூலுங்க. வருஷக் கணக்கா கிழிஞ்ச துணியெல்லாம் அங்க சேந்து, மண்ணு புடிச்சி, கூடு மாதிரி கெடக்குது. நைலான், நூல், நைலான். கண்ணால பாக்க முடியல, வெரலாலதான் பாத்தேன். அடியில, பாறையோட ஒட்டிக்கினு, பட்டு. பட்டத் தொட்டா எங்க வெரலுக்கு யாரும் சொல்ல வேணாம். மெதுவா உருவி எடுத்துக்கினு வெளிய வந்தேன்.

வெயில்ல பாத்தேன். ஒரு வெரல் நீளம். கத்திரிப்பூ கலரும் மஞ்சளும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கினு. எச்சி தொட்டு மண்ணத் தொடச்சி, கோத்த எடத்தப் பிரிச்சிப் பாத்தேன்.

ரெண்டு சுத்து.

காஞ்சிபுரத்துல ஆயிரம் தறி இருக்குது, ரெண்டு சுத்து சுத்தற மடச்சி நான் ஒருத்திதான். அக்காவப் புடிச்சது பாறை இல்ல, சாமி இல்ல, பாவம் இல்ல. நான் போட்ட சுத்து. நான் அந்தப் பாறை மேலயே உக்காந்து ஓன்னு அழுதேன். என் கூட்டுக்காரி பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் பேசவே இல்ல. அவ வாய் மூடி நான் பாத்தது அன்னிக்கு மட்டும்தான்.

பொழுது சாயறதுக்குள்ள ஊர் வந்து, நேரா அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவ கையில அந்த நூல வெச்சி எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு வெரலால உருட்டிப் பாத்தா. அப்பால உள்ள போய் பொட்டியத் தொறந்து அந்தப் புடவைய எடுத்தாந்தா. எண்ணெய்க் கறையோட பன்னெண்டு வருஷமா மடிச்சது மடிச்சபடி இருந்துது. பிரிச்சி, இடுப்புக்கு வர்ற எடத்துல கரையத் தேடினா. அங்க நாலு நூல் இழுபட்டு, ஒரு சின்ன ஓட்டை. நூல அது மேல வெச்சா. சரியா இருந்துது.

"தப்பு என் மேலக்கா"ன்னு அவ கால்ல உழுந்தேன்.

"எழுந்திருடி, எரும." அவ கொரல்ல கோவம். பன்னெண்டு வருஷம் கழிச்சி எங்க அக்கா கோவப்பட்டத அன்னிக்குத்தான் கேட்டேன். அதக் கேக்கவே எனக்கு இனிச்சிது.

நான் கண்ணத் தொடச்சிக்கினு ஆரம்பிச்சேன். "வர்ற பௌர்ணமிக்குப் போலாம். எல்லாரும் பஸ்ல வருவாங்க. அவங்க எதிர்லயே நீ எடது கால வெச்சி பூந்து வா. நான் சொல்லித் தரேன், ரொம்ப சுலபம். ஒன் நாத்தனார் மூஞ்சியில கரியப் பூசிடலாம்." அஞ்சு வருஷமா நான் கட்டி வெச்ச கோட்டை அது. அதுக்காகத்தான் அத்தன பொந்துலயும் முட்டி தேஞ்சேன்.

அக்கா புடவைய மடிச்சா. "வர மாட்டேன்."

"பயமா?"

"பயமில்லடி. இப்ப நான் பூந்து வந்து நல்லவன்னு காட்டினா, அப்ப மாட்டிக்கினது கெட்டவங்கறதால தானேன்னு நானே ஒத்துக்கினதா ஆவும். அந்தப் பாறை கிட்ட நான் எதுக்குடி சர்டிபிகேட் வாங்கணும்?"

எதிர்ப் பேச்சுல என்ன யாரும் ஜெயிச்சதில்லன்னு சொன்னேனே, அன்னிக்கு ஜெயிச்சிட்டா.

என் பொண்ணுக்குப் பொண்ணு பொறந்துது. பேர் வெக்கற நாள் வீடு நெறைய சனம். எங்க வீட்டு வழக்கப்படி, கொழந்தைய மொதமொதல்ல போடற தூளிய, புள்ள குட்டியோட நல்லா இருக்கற ஒருத்தியோட பழைய புடவையிலதான் கட்டணும். அக்காவோட நாத்தனார் தன் நூல் புடவை ஒண்ண மடிச்சி எடுத்துக்கினு வந்து, கூப்பிடாமயே நடுக்கூடத்துல நின்னா. மூணு புள்ள பெத்தவ, அவளுக்கு அந்த உரிமை. உத்தரத்துக் கயித்தப் புடிச்சிட்டா.

அப்ப வாசல்ல அக்கா வந்தா. கையில அந்தக் கத்திரிப்பூ புடவை. நேரா வந்து நாத்தனார் கையில இருந்து கயித்த வாங்கினா.

"இன்னா பண்ற நீ? பட்டுல யார்னா தூளி கட்டுவாங்களா? அதுவும் இந்தப் புடவைய! இதுல எண்ணெய்க் கறை வேற..."

"நீங்க ஊத்தின எண்ணெய்தான், அண்ணி" ன்னா அக்கா. "பாறையில மாட்டி, ரெண்டு பேரு இழுத்தும் இது கிழியல. நாலு கிலோ புள்ளையத் தாங்காதா?"

கயித்துல மாட்டி முடிச்சு போட்டா. தன் முழு பாரத்தையும் போட்டு ரெண்டு வாட்டி தொங்கிப் பாத்தா. அப்பால என் பொண்ணு பக்கம் திரும்பி, பன்னெண்டு வருஷமா முதுகுக்குப் பின்னாலயே கெடந்த அந்த ரெண்டு கையையும் நீட்டினா.

"குடுடி எம்புள்ளைய."